கப்பலுக்குப் பூ கேட்ட கதை

போன வருஷம் ஆடி மாதம் நடந்தது. கோவை கணபதியில் எங்கள் வீடு. வீட்டை ஒட்டியே என் லேத் பட்டறை, பம்பு செட்டுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கிறேன். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம் ஆனதற்காக, சென்னையில் இருக்கும் எங்கள் ஒரே மகள் ஒரு காரியம் செய்தாள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கை போய்த் திரும்பும் சொகுசுக் கப்பலில் எங்கள் இருவருக்கும் இடம் பிடித்துவிட்டாள்.

"இன்னும் பத்து நாளைக்குள்ள உறுதி பண்ணோணும்ப்பா. அம்மாவும் நீங்களும் பேசி முடிவு சொல்லுங்க" என்றாள் போனில்.

என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. பழனி, திருச்செந்தூர் தாண்டிப் போகாதவள். அன்றிலிருந்து கையில் எப்போதும் செல்போன், அதில் எப்போதும் கப்பல். "ஏனுங்க, பதினோரு மாடியாமா. உள்ளயே லிஃப்ட் இருக்குதாமா. இட்லிகூடக் கெடைக்குமாமா" என்று நான் சாப்பிடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த இட்லி தொண்டைக்குள் இறங்கவில்லை.

காரணத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்குத் தண்ணீர் என்றால் பயம். எங்கள் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகள் கிணற்றில்தான் நீச்சல் பழகுவார்கள். முதுகில் ஒரு காலி கேனைக் கட்டித் தள்ளிவிடுவார்கள். எனக்கு ஒன்பது வயதில் கட்டிய கயிறு அவிழ்ந்துவிட்டது. பெரியப்பா மகன் குதித்துத் தலைமுடியைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார். அன்றைக்குப் பிறகு முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நான் நின்றதே கிடையாது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? கல்யாணமான புதிதில், கிணற்று மேட்டிலிருந்து குதித்து அடி மண்ணை அள்ளிக்கொண்டு வருவேன் என்று மனைவியிடம் அளந்துவிட்டேன். அவளும் அதை நம்பி, என்னென்ன சொல்கிறாரோ எல்லாம் உண்மை என்று முப்பது வருஷம் குடும்பம் நடத்திவிட்டாள். ஐம்பத்தெட்டு வயதில் போய், "அது பொய் அம்மணி" என்று எப்படிச் சொல்வது?

அதனால் சாக்குகளைத் தேடினேன். பட்டறையில் ஆர்டர் குவிந்து கிடக்கிறது என்றேன். ஐந்து நாளில் ஒன்றும் மூழ்கிவிடாது என்றாள். மழைக்காலம் என்றேன். நாம் போவது மழை விட்ட பிறகுதானே என்றாள். ஏழு நாள் இப்படியே போனது. எட்டாவது நாள் காலையில்தான் எனக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. குலதெய்வத்திடம் பூ கேட்டுவிடலாம் என்றேன்.

எங்கள் பக்கம் இது சாதாரண வழக்கம். பெண் பார்ப்பதோ, தோட்டத்தில் போர்வெல் போடுவதோ, மனசு இரண்டுபட்டால் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் கட்டிச் சாமி காலடியில் வைப்போம். விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

நான் சொன்னதும் மனைவி மறுப்பாள், கப்பல் ஆசையில் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவளோ, "ஆமாங்க. கேட்டுப்போடலாம். எனக்கும் மனசு தெளிஞ்சிரும்" என்றாள்.

எங்கள் குலதெய்வக் கோயில் சென்னிமலைப் பக்கம். அடுத்த நாள் காலையிலேயே காரில் போனோம். கோயிலுக்குப் பத்திருபது படி ஏற வேண்டும். பாதியில் மனைவி உட்கார்ந்துவிட்டாள். நெற்றியெல்லாம் வியர்வை. "வாய்வுங்க" என்றாள். ஒரு மாதமாகவே அவள் ஓமத்தண்ணி குடிப்பதைப் பார்த்திருந்தேன். அதனால் நானும் வாய்வு என்றே நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்போது என் நினைப்பு பூராவும் கையில் இருந்த பூப்பையில்தான் இருந்தது.

அவள் உள்ளே விளக்குப் போடப் போனாள். நான் மண்டபத்தில் உட்கார்ந்து, வாழை இலைக் கிழிசலில் செவ்வரளியை வைத்து ஒரு பொட்டலம் கட்டினேன். அடுத்த இலையிலும் செவ்வரளியையே வைத்துக் கட்டினேன். வாங்கி வந்த நந்தியாவட்டையைக் கைக்குட்டையில் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். சாமியிடமே திருட்டு வேலை செய்கிறோமே என்று தோன்றியது. கப்பலின் ஓரத்தில் நிற்பதை நினைத்தேன், முடிச்சை இன்னும் இறுக்கினேன்.

கும்பிட வந்திருந்த ஒரு குடும்பத்தின் சின்னப் பெண்ணைப் பூசாரி கூப்பிட்டார். என் மனைவி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. பூசாரி பிரித்தார். சிவப்பு.

அத்தோடு முடிந்தது என்று மூச்சு விட்டேன். பூசாரியோ மீதிப் பொட்டலத்தையும் எடுத்து நூலை அவிழ்க்கப் போனார். எனக்கு உயிரே போய்விட்டது. பாய்ந்து அதை வாங்கிக்கொண்டு, "சாமி சொன்னதுக்கப்புறம் அத எதுக்குங்க பிரிச்சுக்கிட்டு?" என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். திரும்பி வரும் வழியில், மனைவி கார் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பொட்டலத்தை என் பக்கத்து ஜன்னல் வழியாக வீசிவிட்டேன்.

பெருந்துறை தாண்டியதும் ஒரே ஒரு தடவை, "சாமி சொன்னாச் சரியாத்தான் இருக்குமுங்க" என்றாள். கப்பல் போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலமே மகளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எனக்கு அன்றைக்கு நல்ல தூக்கம் வந்தது.

நாலு நாள் கழித்து, காலை பத்து மணி இருக்கும். மனைவி துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போயிருந்தாள். அவளுடைய போன் அடித்தது. நான் எடுத்தேன். அவிநாசி ரோட்டில் உள்ள ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் பேசினார்.

"மேடம் ஆஞ்சியோகிராமுக்கு நேத்து வந்திருக்கணும். வேண்டாம்னு போன் பண்ணிட்டாங்க. இப்படித் தள்ளிப்போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லச் சொன்னார். அவங்க ஹஸ்பண்டா பேசறீங்க?"

எனக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. ஆஞ்சியோகிராமா? யாருக்கு? மாடிப்படியில் அவள் இறங்கி வரும் சத்தம் கேட்டது. நாலு படிக்கு ஒருதரம் நின்று நின்று வந்தாள். முப்பது வருஷமாகக் கேட்ட காலடிச் சத்தம். அது மாறிப்போயிருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

சமையல்கட்டு ஸ்டூலில் உட்காரவைத்துக் கேட்டேன். மறைக்கவில்லை. கப்பல்காரர்கள் அனுப்பிய படிவத்தில், நெஞ்சு நோய் உண்டா என்று ஒரு கேள்வி இருந்ததாம். படி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது, தோள் வலிக்கிறது. அப்படியிருக்க இல்லை என்று எழுத மனசு வராமல், தனியாகவே போய்க் காட்டியிருக்கிறாள். டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, அடைப்பு இருக்கும் போலிருக்கிறது, உடனே ஆஞ்சியோ பண்ண வேண்டும் என்றிருக்கிறார்கள்.

"அப்பறம் ஏன் அம்மணி வேண்டாம்ன?"

"பூக் கேட்டோமல்லங்க. வெள்ள வந்தாக் கப்பலுக்குப் போற அளவுக்கு எனக்கு ஆயுசு இருக்குது, தைரியமா ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நெனச்சுக்கிட்டுத்தான் நின்னேன். செவப்பு வந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் திரும்பி வரமாட்டேன்னுதான அர்த்தம்? இருக்கற வரைக்கும் ஊட்லயே இருந்துக்கறனுங்க."

காய்ந்த புடவையை மடிக்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். நான் வெட்டியது அவளுக்கான குழி.

"அது சாமி சொன்னதில்ல. நான் பண்ணுன வேல. ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புப் பூவுதான் வெச்சுக் கட்டுனேன்" என்றேன்.

திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் சிரித்தாள். "என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்காகச் சாமி மேல பொய் சொல்லாதீங்க. பாவம் சேரும்."

நான் நம்பவைக்கப் பார்த்தேன். சத்தியம் செய்தேன். கடைசியில் கத்தினேன். பொட்டலத்தைக் காட்டுங்கள் என்றாள். எங்கே போய்க் காட்டுவது? ஊத்துக்குளிக்கும் பெருந்துறைக்கும் நடுவில் எந்த வேலியில் கிடக்கிறதோ. ஆயுசு பூராவும் பொய்யை நம்பியவள், நான் உண்மையைச் சொன்ன ஒரே நாளில் நம்ப மறுத்தாள். பேசப்பேச அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். இந்த வாக்குவாதத்திலேயே அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, கத்துவதை நிறுத்தினேன்.

"அப்படி எதுக்குங்க பண்ணுவீங்க? கப்பல்ல போறதுக்கு உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றாள்.

சமையல்கட்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்தேன். சொன்னேன். கிணற்றையும், அவிழ்ந்த கயிற்றையும், மூக்கில் ஏறிய பாசித்தண்ணியையும் சொன்னேன். எனக்கு நீச்சலே தெரியாது என்று சொன்னேன். சொல்லும்போது சின்னப் பையன் மாதிரி அழுதுவிட்டேன்.

அவள் சிரிப்பு நின்றது.

"உங்கப்பா அஸ்தியக் கரைக்கக் கூடுதுறைக்குப் போனப்ப, நீங்க ஆத்துப் படியிலயே நின்னுக்கிட்டீங்க. உங்க தம்பிதான் எறங்குனாரு. முதுகு வலின்னு சொன்னீங்க."

"முதுகு வலியில்ல அம்மணி."

அவள் முகம் மாறிய விதத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். கோபம் மட்டும் இல்லை அதில். இத்தனை வருஷம் யாரோடு குடும்பம் நடத்தினோம் என்று பார்க்கிற பார்வை. "சாமியவே ஏமாத்திப்போட்டீங்களே" என்றாள் மெதுவாக. பிறகு கையை ஊன்றி எழுந்தாள். "வண்டிய எடுங்க."

கணபதியிலிருந்து அந்த ஆஸ்பத்திரி அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு சிக்னலும் ஒரு யுகம். அவள் பின்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கவனித்துக்கொண்டே ஓட்டினேன்.

அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த நாள் காலையில் உள்ளே கூட்டிப் போனார்கள். பெரிய ரத்தக்குழாயிலேயே அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்று வெளியே வந்து கையெழுத்து வாங்கினார்கள். அதற்குள் மகளும் வந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து சாமி பெயரை முணுமுணுத்தபடி இருந்தாள். எனக்கு வாய் வரவில்லை. எந்த முகத்தோடு கும்பிடுவது? என்னைக் காட்டிக்கொடுக்காமல் சும்மா இருந்த தெய்வத்திடம், இப்போது மட்டும் பேசு என்று எப்படிக் கேட்பது? அந்த ஒன்றரை மணி நேரம் கதவைப் பார்த்தபடி வெறுமனே உட்கார்ந்திருந்தேன். அதைவிட நீளமான நேரம் என் வாழ்க்கையில் இல்லை.

நல்லபடியாக முடிந்தது. டாக்டர், "சரியான நேரத்துக்குக் கூட்டிட்டு வந்தீங்க" என்று என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டைப்போல என்னைச் சுட்டது வேறெதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து பதினைந்து நாள், "சாப்பிடுங்க", "தண்ணி மோட்டரப் போடுங்க" தவிர அவள் என்னோடு பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன், மாத்திரையை எடுத்து வைத்தேன், துணியை நானே மாடிக்குக் கொண்டு போனேன். மெல்ல மெல்லப் பேச்சு வந்தது.

இந்த வருஷம் தை முடியும் சமயத்தில் மகள் மறுபடியும் கப்பல் பேச்சை எடுத்தாள். டாக்டரும் தாராளமாகப் போகலாம் என்றுவிட்டார். மனைவி போனை மேசைமேல் வைத்துவிட்டு, எனக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"இந்தத் தடவ பூவெல்லாம் வேண்டாமுங்க. உங்க வாயில சொல்லுங்க. வாரீங்களா, இல்லியா? வரலைன்னா நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"பயமா இருக்குது அம்மணி. நெனச்சாலே கால் நடுங்குது" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "ஆனா வாரேன்" என்றேன்.

"நடுங்குனா என் கையப் புடிச்சுக்குங்க" என்றாள்.

அடுத்த மாதம் கிளம்புகிறோம். என் பயம் ஒரு துளிகூடக் குறையவில்லை. ஆனால், "எனக்குப் பயமா இருக்குது" என்ற மூன்று வார்த்தையைக் கட்டினவளிடம் சொல்ல வெட்கப்பட்டு அவளையே இழக்க இருந்தேன் என்பதை நினைக்கும்போது, எந்தக் கடலைவிடவும் அந்த வெட்கம்தான் ஆழமானது என்று இப்போது எனக்குத் தெரிகிறது.