வாசலில் போன நாதஸ்வரம்

வாசலுக்கு வந்த பெருமாளைக் கோட்டை விட்டவன் நான். நான் மட்டும் விட்டிருந்தால் பரவாயில்லை. மனைவியையும் விட வைத்தேன்.

பழைய ரேடியோ வால்வுகளைக் கொண்டு, ஹெட்போனில் பாட்டுக் கேட்க நானே ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்டியிருந்தேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதி வழியாகப் பெருமாள் புறப்பாடு வரும் மாலை அது. கால் முறிந்து மாவுக்கட்டோடு உள்ளறையில் படுத்திருந்த மனைவி, "நாதஸ்வரம் கேட்டதும் என்னை வாசலுக்குக் கூட்டிண்டு போங்கோ. ஒரு மாசமா இதுக்குத்தான் காத்திண்டிருக்கேன்" என்றாள்.

அதுவரை ஒரே ஒரு ரிக்கார்டு என்று ஹெட்போனை மாட்டினேன். அதுவும் நாதஸ்வர ரிக்கார்டு. சற்று நேரத்தில் தவில் தெருவிலிருந்தே வருவது போல அத்தனை நிஜமாகக் கேட்டது. கண்ணை மூடி என் கைவேலையை மெச்சிக்கொண்டேன்.

வெடுக்கென்று ஹெட்போன் பிடுங்கப்பட்டது. சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நொண்டி வந்த மனைவி, வியர்த்து விறுவிறுத்து நின்றாள். "எத்தனை தரம் கத்தறது?"

அவளைத் தாங்கி வாசலுக்குப் போனபோது, வீதிக் கோடியில் தீவட்டிகள் திரும்பிக்கொண்டிருந்தன. அந்தத் திசையில் கைகூப்பினாள். என் பக்கம் திரும்பவில்லை.

இப்போதெல்லாம் ஹெட்போனை ஒரு காதில்தான் வைத்துக்கொள்கிறேன். அதை அவளிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"ரெண்டுலயும் மாட்டிக்கோங்கோ. நான் கூப்பிட்டாக் கேக்காததுக்கு ஒரு காரணமாவது இருக்கட்டும்" என்றாள்.