எரிகிற அடுப்புக்கு மட்டும் அரிசி

அரிசி இல்லாத அரிசிக் கிடங்கில் குமாஸ்தா வேலை பார்ப்பவன் முதலில் படிக்க வேண்டிய பாடம், "நாளைக்கு" என்று முகம் மாறாமல் சொல்வது.

யுத்த காலம் அது. பர்மா அரிசி நின்றுபோய், பிரெஞ்சு சர்க்கார் குடும்பத்துக்கு ஒரு சீட்டு கொடுத்து அரிசி அளந்துகொண்டிருந்தது. புதுச்சேரியை அடுத்து, பஞ்சாயத்து மாதிரியான பாகூர் கொம்யூனில் ஒரு கிடங்கில் எனக்கு உத்தியோகம். ஒரு ஜன்னல், ஒரு மேஜை, குடும்பங்களின் பெயர் எழுதிய ஒரு தடித்த புத்தகம், படி பிடித்து அளக்க ரங்கசாமி என்று ஓர் ஆள். எங்கள் இருவருக்கும் மேலே, மேரியில் (கொம்யூன் ஆபீசுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்) பெரிய குமாஸ்தா சவரிநாதன். வெயில் காலத்திலும் கோட்டைக் கழற்றாதவர். நீங்களும் ஏதாவது ஒரு ஜன்னலுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நின்று நொந்தவர்களாகத்தான் இருப்பீர்கள். என்னைத் திட்டிக்கொண்டே படிக்கலாம், எனக்கு ஆட்சேபமில்லை.

நாளைக்கு

ஜன்னலைத் திறந்தால் எதிரே பச்சைப் பசேலென்று நெல் வயல். ஆனால் அந்த நெல்லைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்கு அனுப்பும். அங்கே அது அரிசியாகி, மாட்டு வண்டி ஏறி, எங்களிடமே திரும்பி வரவேண்டும். வழியில் இங்கிலீஷ்காரன் எல்லை துண்டு துண்டாகக் குறுக்கிடும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சாவடி, ஒவ்வொரு சாவடியிலும் மூட்டையை இறக்கி எண்ணி மறுபடியும் ஏற்றுவார்கள். வெள்ளிக்கிழமை வரவேண்டிய வண்டி அடுத்த வெள்ளிக்கும் வராது.

ஜனங்கள் காலையிலேயே வந்து கூடையை வரிசையாக வைத்துவிட்டு மர நிழலில் உட்கார்ந்துவிடுவார்கள். நான் தலையை நீட்டி "நாளைக்கு" என்பேன். ஒருமுறை தொடர்ந்து ஒன்பது நாள் சொன்னேன். பத்தாவது நாள் ஒரு பெரியவர் கூடையை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தார். கோபமே இல்லை. பிரெஞ்சு வழக்கப்படி ஐயாவுக்கு 'முசே' போட்டு, சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார்.

"முசே, அந்த நாளிக்கு எந்தக் கெழமைல வருதுன்னு மட்டும் சொல்லிடுங்க, அன்னிக்கு ஒரு நாளு வந்துட்டுப் போறேன்."

ஈர அடுப்பு

யாருக்குச் சீட்டு என்பதற்கு மேரியில் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஓர் அடுப்புக்கு ஒரு சீட்டு. ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் அடுப்பு தனி என்றால் குடும்பமும் தனி, இது ஊர் வழக்கம். அதையே சர்க்காரும் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்ட மறுவாரமே ஊரெல்லாம் அடுப்பு முளைக்க ஆரம்பித்தது. எண்ணி எழுத என்னை அனுப்பினார்கள்.

கரும்பு போடும் ஒரு பெரிய வீட்டுக்குப் போனேன். சமையல்கட்டில் ஒன்று, தாழ்வாரத்தில் ஒன்று, நெல் குதிருக்குப் பின்னால் ஒன்று, மாட்டுக் கொட்டகையில் ஒன்று. அண்ணன் தம்பி நாலு பேரும் போன மாதமே பிரிந்துவிட்டார்களாம். கொட்டகை அடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் ஈரக் களிமண் ஒட்டியது. அந்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டுதான், அந்த வீட்டு நாலு மருமகள்களும் ஒரே சட்டியில் சுட்டுக் கொடுத்த பணியாரத்தைத் தின்றேன். நாலு அடுப்பு என்று எழுதிக் கொடுத்தேன்.

யாரோ மனு போட்டுவிட்டார்கள். சவரிநாதன் கூப்பிட்டு அனுப்பினார். என்னை நிற்க வைத்து, கண்ணாடியைக் கழற்றி, மெதுவாகப் பேசினார். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"இனிமே எரியிற அடுப்பைத்தான் எழுதணும், பானையில உலை கொதிக்கணும், பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேரு பார்த்தோம்னு கைநாட்டு வைக்கணும். பணியாரம் துண்ற விரலை நம்பி சர்க்கார் அரிசி குடுக்க முடியாது முசே."

பூனை இருந்த அடுப்பு

திட்டு வாங்கினவன் கண்டிப்பானவனாக மாறினால் ஊருக்குக் கேடு. நான் மாறினேன். மறுநாளே சிவப்பு மையும் பேனாவும் எடுத்துக்கொண்டு, ஏரிக்கரைக்குக் கீழே கூலிக்காரர்கள் குடிசைகளுக்குப் போனேன். பெரிய வீட்டாரிடம் காட்ட முடியாத கண்டிப்பை அங்கே காட்டலாம் அல்லவா.

அம்மாக்கண்ணு என்று புத்தகத்தில் பெயர் இருந்த குடிசையில் ஆள் இல்லை. தட்டியைத் தள்ளிப் பார்த்தேன். அடுப்புச் சாம்பலில் ஒரு பூனை மூன்று குட்டிகளோடு படுத்திருந்தது. நாலைந்து நாளாக அங்கே நெருப்பு வைத்ததற்கான அடையாளமே இல்லை. ஆஹா, பிடித்துவிட்டேன் ஒரு பொய்ச் சீட்டை என்று எனக்கு ஒரே சந்தோஷம். அங்கேயே நின்று பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன்.

அடுத்த குடிசைக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள். "அவ களையெடுக்கப் போயிருக்குறா அய்யா. அங்க ஊத்துற கூழத்தான் ரெண்டு பசங்களுக்கும் குடுக்குறா. அந்தில வந்து பாருங்க" என்றாள். சர்க்கார் அந்தியில் வராது என்று நான் மிடுக்காகச் சொன்னேன். அவள் புரிந்துகொண்டவள் போலத் தலையாட்டினாள்.

"அந்தில வர மாட்டீங்கன்னா, அந்திக்கு மட்டும் அடுப்பு மூட்டுற ஜனங்கள எப்டி அய்யா பாப்பீங்க?"

சிவப்புக் கோடு

மூன்று வாரம் தாமதித்து வண்டி வந்தது. ரங்கசாமி அளக்க, நான் பெயர் பார்க்க, வரிசை நகர்ந்தது. ஒரு பெண் சீட்டை நீட்டினாள். முப்பது வயது இருக்கும், களை பிடுங்கிப் பிடுங்கி விரல்கள் கறுத்திருந்தன. அம்மாக்கண்ணு. புருஷன் சைகோனுக்குப் போய் ஒரு கிட்டங்கியில் காவல் வேலை பார்க்கிறவன். யுத்தம் வந்து கப்பல் நின்றதும் அவனிடமிருந்து கடுதாசியும் நின்றுபோனது. நான் சீட்டை வாங்கி, அடுப்பு எரியாததால் பெயரை எடுத்தாயிற்று என்று சொன்னேன். வழக்கம் போல முகம் மாறாமல்தான்.

அவள் கூச்சல் போடவில்லை. ரங்கசாமி படியைப் பிடித்தபடி என்னையே பார்த்தான். அவள் காலி கூடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"மூணு வாரமா நாளிக்கு நாளிக்குன்னீங்க, களையெடுப்பும் முடிஞ்சி கூழும் நின்னு போச்சி. நீங்க அரிசி குடுத்தாத்தான அய்யா எங்க வூட்ல அடுப்பு எரியும்?"

சைகோன் கையெழுத்து

அரிசியைக் கொடுக்காமல் வைத்திருந்தது நாங்கள், அதனால் அடுப்பு அணைந்ததும் பெயரை அடித்தது நான். எனக்கு வெட்கமாகிவிட்டது. மேரிக்கு ஓடினேன். அடித்ததைத் திரும்ப எழுதுவது ஒரு நிமிஷ வேலை என்று நினைத்திருந்தேன். சவரிநாதன் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். அடித்த குடும்பத்தைத் திரும்பச் சேர்க்கக் குடும்பத் தலைவன் கையெழுத்துப் போடவேண்டும். தலைவன் சைகோனில். பெண்சாதி வைக்கலாமா? புருஷன் உயிரோடு இருக்கையில் செல்லாது. உயிரோடு இல்லை என்றால் அதற்கு மேரி கொடுத்த பத்திரம் வேண்டும்.

இதைக் கொண்டுபோய் அப்படியே அம்மாக்கண்ணுவிடம் ஒப்பித்த முட்டாள் நான்தான். ஒன்று புருஷனைக் கூட்டி வா, இல்லை அவன் செத்ததற்குப் பத்திரம் கொண்டு வா என்றேன்.

"கப்பல் ஏறும்போது வாய் நெறைய வெத்தல போட்டுக்கினு சிரிச்சிக்கினே போனாரு. அரிசிக்காவ அவர நான் சாவடிக்க மாட்டேன் அய்யா, வேற காயிதம் இருந்தா சொல்லுங்க."

உலை

மறுபடியும் மேரி. இந்தத் தடவை தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். சவரிநாதன் கெட்டவரில்லை. கோட்டுப் பொத்தானைத் திருகியபடி யோசித்து ஒரு வழி சொன்னார். பழைய குடும்பத்தைச் சேர்க்க வேண்டாம், மாமியார் வீட்டிலிருந்து பிரிந்து வந்து புதிதாக வைத்த அடுப்பு என்று எழுதிவிடலாம். அதற்குத் தலைவன் வேண்டாம். நெருப்பு, கொதிக்கிற உலை, இரண்டு சாட்சி, இவை போதும். அம்மாக்கண்ணுவுக்கு மாமியாரே கிடையாது. அதை அவரிடம் சொல்லாமல் விட்டேன்.

அன்று சாயங்காலமே சைக்கிளில் போனேன். அரிசிக்கு எங்கே போவது என்று அவள் கேட்டாள். எனக்கு ஒரு பிரமாதமான யோசனை. உலை கொதிக்கணும் என்றுதானே சொன்னார், உள்ளே என்ன இருக்கணும் என்று சொல்லவில்லையே! வெறும் தண்ணீரை வை என்றேன். பனை மட்டையை வைத்து எரித்தாள். பூனை குட்டிகளைக் கவ்விக்கொண்டு மூலைக்குப் போனது. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. இரண்டு சாட்சிகளும் வந்தார்கள், நான் காகிதத்தை விரித்தேன். அப்போது அந்த இரண்டு குழந்தைகளும் வட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தன. அது வெறும் தண்ணீர் என்று யாரும் அவற்றுக்குச் சொல்லவில்லை. சைக்கிளில் என் வீட்டுச் சீட்டுக்கு ரங்கசாமி அளந்து கொடுத்த பை தொங்கியது. தாராள மனசோடு எடுத்துக் கொடுத்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. பாதியைக் கொட்டிவிட்டு மீதியை முடிந்துகொள்ளலாமா என்று முடிச்சை அவிழ்க்கும்போதே கணக்குப் போட்டேன். சின்னது என் கையையே பார்த்துக்கொண்டிருந்ததால் முழுப் பையும் அம்மாக்கண்ணு முறத்துக்குப் போயிற்று. அரிசி வெந்ததும் சாட்சிகள் கட்டை விரலை மையில் தொட்டு வைத்தார்கள்.

காலிப் பையோடு வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். என் மனைவி அரிசிப் பானைக்குள் கையை விட்டு அடியைத் தடவிப் பார்த்தாள்.

"நாளிக்கு உங்கள மாதிரி ஒரு குமாஸ்தா நம்ம வூட்டு அடுப்ப பாக்க வந்தா, நம்ம பேரையும் அடிச்சிட்டுப் போயிடுவாரு."

மறுபடியும் ஜன்னல்

சவரிநாதன் முத்திரை குத்திவிட்டார். அடுத்த வண்டி இரண்டே நாள் தாமதத்தில் வந்தது, அது எங்களுக்குத் திருவிழா மாதிரி. அம்மாக்கண்ணு புதுச் சீட்டை நீட்டினாள். ரங்கசாமி படியின் தலையைத் தட்டாமல் குவியலாகவே அளந்து போட்டான். நான் வண்டி மாடுகளைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன். அவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பத்தடி போனாள். பிறகு நின்று, திரும்பி வந்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்து, "பரவாயில்லை, இருக்கட்டும்" என்று சொல்வதற்கு ஏற்ற முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"அய்யா, அடுத்த தபா அடுப்ப பாக்க வர்றதா இருந்தா மொதல்லயே சொல்லி அனுப்புங்க, பூனைய தொரத்தி வுட்டு வெக்கிறேன்."

அந்த உத்தியோகத்தில் நான் எத்தனையோ அடுப்புகளை எழுதியிருக்கிறேன். எரிவதைக் கண்ணால் பார்த்து எழுதியது அந்த ஒன்றைத்தான், அதற்கும் என் வீட்டுப் பானைக்கு வரவேண்டிய அரிசி போகவேண்டியிருந்தது.