இடதுபக்கம் இழுத்த பிக்அப்

தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் ஒரு பழைய பிக்அப் இருந்தது. வாங்கியவர் என் கணவர், ஓட்டியவள் நான். அவர் புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் ஷிஃப்ட் வேலைக்குப் போய்வந்தார். நான் தங்கா பத்துவில் எங்கள் வீட்டின் பின்பக்கம் சமைத்து, சோற்றையும் தால்சா என்னும் பருப்புக் குழம்பையும் பெரிய பானைகளில் ஏற்றி, புக்கிட் ரம்பாயிலேயே இன்னொரு தொழிற்சாலையின் கேண்டீனுக்குக் கொண்டுபோவேன். வேலை நாள் முழுக்க ஸ்டீரிங் என் கையில்தான். ஆனாலும் அவர் வாயில் அது "என் வண்டி". யாராவது கேட்டால், "என் வண்டிய வூட்டுக்காரி ஓட்டுறா" என்பார், ஏதோ எனக்கு இரவல் கொடுத்த மாதிரி.

அந்த வண்டி இடதுபக்கம் இழுக்க ஆரம்பித்தது. நேர் சாலையில்கூட ஸ்டீரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். கொஞ்சம் அசந்தால் சாலையோர லோங்காங்கில், அந்தச் சாக்கடைக் கால்வாயில், இறங்கிவிடும். குழியில் விழுந்தால் முன்பக்கம் கடகடவென்று ஆடும், பின்னால் தால்சா தளும்பும். ஒருநாள் பானையே சாய்ந்து பாதிக்குமேல் கொட்டிவிட்டது. பசியோடு தட்டை நீட்டி நின்றவர்களுக்கு வெறும் சோறும் ஊறுகாயும் வைத்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தேன்.

டயர் கடையில் அலைன்மெண்ட் செய்து பார்த்தோம். சில நாள் ஒழுங்காக ஓடும், பிறகு பழையபடி இழுக்கும். அடுத்த முறை போனபோது கடைக்காரர் என் கணவரைப் பார்த்துக் கேட்டார்.

"அண்ணே, வண்டிய யாரு ஓட்டுறது?"

"வூட்டுக்காரிதான்."

"அதான பாத்தேன்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். வண்டிச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் அங்கேயேதான் நின்றிருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் அடுத்த குண்டைப் போட்டார். "வண்டிய குடுத்துடலாம்னு இருக்கேன். மஸ்ஜித் தானா பக்கம் செம்பனைக் குலை ஏத்துறவரு ஒருத்தரு கேட்டாரு. ஞாயித்துக்கெழம வந்து பாக்குறாரு."

"அப்ப என் சமையலு?"

"பழையபடி பேக்டரிக்குப் போயேன்லா. எதுக்கு உசுரக் கையில புடிச்சிக்கிட்டு ஓட்டணும்?"

அக்கறையோடுதான் சொன்னார், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொழிற்சாலை வாழ்க்கை எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் மின்விசிறிக்கு ஸ்க்ரூ முறுக்கியவள் நான். கழிப்பறைக்குப் போகக்கூட சூப்பர்வைசரிடம் கையைத் தூக்கிக் கேட்கவேண்டும். வண்டி போனால் மறுபடியும் அந்த வரிசையில் போய் நிற்கவேண்டும். நிற்கமாட்டேன் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

"கோளாறு வண்டியிலதான், என் கையில இல்ல. பாத்துச் சொல்றேன்" என்றேன்.

"பாரு, பாரு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார்.

சனிக்கிழமை கேண்டீன் கிடையாது. அவர் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பியதும் அவருடைய ஸ்பேனர் பெட்டியை வெளியே இழுத்துப் போட்டேன். முன்பக்கத்தை ஜேக் வைத்துத் தூக்கி, அடியில் கனமான மரக்கட்டைகளை அடுக்கினேன். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், அசையவில்லை. இரண்டு பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டினேன், லொடலொட என்றது. பட்டறையில் மெக்கானிக்குகள் இப்படிச் சோதிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியில்தான் ஏதோ தேய்ந்திருக்கிறது. எந்த மூட்டு என்று தெரிய, ஒருவர் ஸ்டீரிங்கை ஆட்ட இன்னொருவர் அடியில் படுத்துப் பார்க்கவேண்டும்.

பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், மோட்டார் சைக்கிளில் பறப்பார், ஆனால் டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டீரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறினார்.

"ஏம்மா, இது கெளம்பிடாதுல்ல?"

"எஞ்சின் ஓடலக்கா. மெல்ல அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டுங்க, போதும்."

"நான் ஆட்டுறேன். நீ உசுரோட இருக்கேன்னு கத்திக்கிட்டே இரு லா!"

கத்திக்கொண்டே பார்த்தேன். கம்பியின் முனையில் இருக்கும் உருண்டை மூட்டு, தன் கிண்ணத்துக்குள் துள்ளியது. அது துள்ளி முடித்த பிறகுதான் சக்கரம் திரும்பியது. மூட்டுக்குள் இருக்கும் கிரீஸைக் காக்க வெளியே ஒரு ரப்பர் உறை இருக்கும். அது ஊதிப்போய், விரிந்து, விரலால் தொட்டதும் பிய்ந்து வந்தது. உள்ளே கிரீஸ் இல்லை, மண்தான் இருந்தது. நான்கு முனையும் அதே கதி. பிய்ந்த ரப்பரை மூக்கருகே கொண்டுபோனேன். டீசல் வாடை.

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஆயுத பூஜை!

என் கணவர் முன்பு தோட்டத்தில் மருந்து அடித்தவர். ஆயுத பூஜை வந்தால் அங்கே டிராக்டரைக் கழுவி, துருப் பிடிக்காமல் இருக்க அடிப்பக்கம் முழுக்க டீசல் அடிப்பார்களாம். தோட்டத்தை விட்டு வந்தபோது அந்தப் பழக்கத்தையும், முதுகில் மாட்டும் மருந்துப் பம்பையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். வருடா வருடம் பிக்அப்புக்கு டீசல் குளியல். பிறகு சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம். கற்பூரத் தட்டை எடுத்துக் கொடுத்தது நான்தான். பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பது போல அவர் ஆசை ஆசையாய் அடித்த டீசல், ரப்பரைத் தின்று கிரீஸையும் கழுவித் தள்ளியிருக்கிறது. அடியில் படுத்தபடியே சிரித்துவிட்டேன். மேலே அக்கா, எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று அலறினார்.

கழற்றுவதற்குள் உயிர் போய்விட்டது. நட்டு வந்தது, முனை வரவில்லை. ஒரு சுத்தியல் வைத்து அடித்துப் பார்த்தேன், அக்கா பக்கத்தில் நின்று "இன்னும் ஓங்கி, இன்னும் ஓங்கி" என்றார், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அக்காவிடம் ஒரு சுத்தியலைக் கொடுத்து, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓங்கி அடித்தோம். டப்பென்று கழன்று விழுந்தது. அக்கா தன் பழைய தோட்டத்துச் சூப்பர்வைசரைத் திட்டிக்கொண்டே அடித்தார், நான் டயர் கடைக்காரரை நினைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றையும் திருகி எடுக்கும் முன், அது கம்பியில் எங்கே நின்றதோ அங்கே என் சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டேன். புதியது அதே இடத்தில் நிற்கவேண்டுமே.

அக்காவின் மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கிவந்து, கோட்டுக்குக் கோடு வைத்து மாட்டி, நட்டு கழலாமல் அதன் துளையில் ஊசிப் பின்னையும் செருகி வளைத்துவிட்டேன். கையெல்லாம் கிரீஸ், முழங்கையில் ரத்தம். அப்படியே வண்டியை மெதுவாக டயர் கடைக்கு ஓட்டிப்போய் அலைன்மெண்ட் செய்யச் சொன்னேன்.

கடைக்காரர் குனிந்து பார்த்தார். "புதுசா இருக்கே. யாரு மாத்துனா?"

"ஓட்டுறவதான்" என்றேன். அவர் அதற்குப் பிறகு வேலையை மட்டும் பார்த்தார்.

சாயங்காலம் கணவர் வந்ததும், தால்சாப் பானையில் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பிப் பின்னால் ஏற்றி, அவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். நேர் சாலையில் பிடியைத் தளர்த்தினேன். வண்டி தன் பாட்டுக்கு நேராகப் போனது. குழியில் இறங்கி ஏறியபோதும் கடகடக்கவில்லை, பானை சாயவில்லை. அவர் திரும்பித் திரும்பிப் பானையைப் பார்த்தார்.

வீட்டு வாசலில் நிறுத்தி, பிய்ந்த ரப்பரை அவர் உள்ளங்கையில் வைத்தேன். முகர்ந்தார். டீசல் வாடையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் சுருங்கிப்போனது. நாள் முழுக்கச் சேர்த்துவைத்திருந்த கோபம், அந்த முகத்தைப் பார்த்ததும் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நல்லதுன்னு நெனச்சிதான் அடிச்சேன்" என்றார் மெதுவாக.

"தெரியுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மஸ்ஜித் தானாக்காரர் வந்தார். வண்டியைச் சுற்றிவந்து, டயரை உதைத்துப் பார்த்து, கணவரிடம் பேச ஆரம்பித்தார். கணவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்த்துச் சொல்ல மனதுக்குள் ஒரு பெரிய பேச்சையே தயாராக வைத்திருந்தேன்.

"என்னைக் கேக்காதீங்கண்ணே" என்றார் கணவர். "வண்டி அவங்களோடது."

மஸ்ஜித் தானாக்காரர் என் பக்கம் திரும்பினார். "விக்கிறதா இல்லண்ணே" என்றேன், அவ்வளவுதான். வந்தவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, உள்ளே போய்த் திங்கட்கிழமைக்குப் பருப்பு அளந்தேன்.