அண்ணி கேள்வி கேட்ட ஆம்ப்ளிஃபயர்

ஆம்ப்ளிஃபயர் கரகரத்தால் அதற்கு நூறு காரணம் இருக்கும். செத்துப்போனவர் பேசுவது அதில் ஒன்றல்ல. சர்க்யூட் போர்டு தொழிற்சாலையில், பழுது பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறவள் நான். இந்த விஷயத்தில் யாரோடும் வாதாட எனக்குப் பொறுமை கிடையாது. ஆனால் அன்று சாயங்காலம் குளுவாங் ஊரில் அண்ணன் வீட்டு கேட்டைத் திறந்தபோது என் கை அப்படியே நின்றுவிட்டது.

உள்ளே அண்ணி யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். மாரடைப்பில் அண்ணன் போனதிலிருந்து அந்த வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. "சோறு வைக்கட்டுமா?" என்று கேட்டார். கொஞ்சம் அமைதி. பிறகு தொண்டையைச் செருமுவது போல 'கர்ர்... படக்' என்றொரு சத்தம். "சரி" என்றார் அண்ணி.

அண்ணன் கல்யாண விருந்துகளில் கிட்டார் வாசித்தவர். அவருடைய பழைய டியூப் ஆம்ப் ஹாலில், அவர் படத்துக்குக் கீழே, ஸ்பீக்கர் பெட்டியின் மேல் இருந்தது. மேல்தகட்டு ஓட்டைகள் வழியாகக் கண்ணாடிக் குழாய்களின் செம்மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. கிட்டார் மாட்டவில்லை. அண்ணி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, உள்ளங்கையை ஆம்பின் மேல் வைத்திருந்தார்.

"என்ன அண்ணி இது?"

"உங்கண்ணன்தான். சத்தம் வந்தா ஆமாங்கிறாரு. வரலைன்னா வேணாங்கிறாரு."

"டியூப் கெட்டுப் போயிருக்கும் அண்ணி. நீங்க வேற."

"நம்பாட்டி போ லா. நேத்து, நானும் வந்துடவான்னு கேட்டேன். ரொம்ப நேரம் கரகரன்னாரு."

கடைக்கு வரவா என்று கேட்டதைச் சொல்வது போலத்தான் சொன்னார். அப்போதுதான் மேசையைப் பார்த்தேன். அவருடைய வளையலும் சங்கிலியும் ஒரு கைக்குட்டையில் முடிந்து வைக்கப்பட்டிருந்தன. "அது உனக்கு" என்றார்.

அப்படியொரு கோபம் வந்தது எனக்கு. அண்ணன் மேல், அந்தப் பாழாய்ப்போன பெட்டி மேல். காட்டிக்கொள்ளாமல், "நான் கொஞ்சம் பார்க்கிறேன்" என்றேன்.

"ரிப்பேர் பண்றேன்னு அவரு வாயை அடைச்சிடாதே."

"பேசுறது அவருதான்னா தெளிவா பேசட்டும் அண்ணி. இந்தக் கரகரப்புல என்ன புரியுது உங்களுக்கு?"

யோசித்தார். பிறகு ஸ்டூலைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கிட்டார் இல்லாமலே சத்தம் வந்ததால், கோளாறு ஆம்புக்குள்தான். வால்யூமைக் குறைத்தால் கரகரப்பும் குறைந்தது. அப்படியானால் வால்யூமுக்கு முன்னால் வருகிற சின்ன டியூபைத்தான் சந்தேகப்பட வேண்டும். பின்பக்கத்தைத் திறந்து, மீ நூடுல்ஸ் பொட்டலத்தோடு வந்த மரச் சாப்ஸ்டிக்கால் ஒவ்வொன்றாக மெல்லத் தட்டினேன். முதல் டியூபைத் தொட்டதும் ஸ்பீக்கர் சடசடவென்று இரைந்தது. பின்னாலிருந்து அண்ணி, "மெதுவா, வலிக்கப்போவுது" என்றார்.

சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கினேன். அதற்கப்புறமும் அது கொஞ்ச நேரம் முனகியது. உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும், எனக்குத் தெரியும். இருந்தாலும் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். ஆறிவிட்டதா என்று கை வைத்துப் பார்த்தேன், காய்ச்சல்காரன் உடம்பு போலச் சுட்டது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

டியூபைக் கழற்றியபோது ஊசிகளைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பசையாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்து மோந்து பார்த்தேன். விபூதி.

"அண்ணி, இதுமேல விபூதி போட்டீங்களா?"

"படத்துக்கு வச்சிட்டு இதுக்கும் ஒரு சிட்டிகை போடுவேன். தினமும்."

ஓட்டை வழியாக விழுந்த விபூதி நம் ஊர் ஈரத்தில் சாக்கெட்டுக்குள் இறுகியிருந்தது. டியூப் சரியாக உட்காரவில்லை. அண்ணி கேள்வி கேட்டுவிட்டு உள்ளங்கையை அழுத்தும்போதெல்லாம் அது ஆடியிருக்கிறது. அவ்வளவுதான் பதில். இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் வேலைப் பையிலிருந்த பிரஷ்ஷால் சுரண்டி, சாக்கெட் துடைக்கும் மருந்து அடித்து, துடைத்து உலர வைத்தேன். அண்ணனின் கிட்டார் பெட்டியில் கிடந்த மாற்று டியூபைப் போட்டுச் சுவிட்சைத் தட்டினேன். மெல்லச் சிவந்தது. ஒரு சத்தமும் இல்லை.

அண்ணி எழுந்து வந்து ஆம்பின் மேல் கை வைத்தார். "நானும் வந்துடவா?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மழை மட்டும் கேட்டது. கையை இன்னும் அழுத்தினார். மறுபடி கேட்டார். காத்திருந்தார். அவர் தோள்கள் மெல்லத் தளர்ந்தன.

"வேணாங்கிறாரு" என்றார்.

மேசை மேலிருந்த முடிச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அலமாரி திறந்து மூடியது. அப்புறம் அடுப்படியிலிருந்து, "மீ கோரேங் பண்றேன், இருந்து சாப்பிட்டுப் போ" என்று குரல் வந்தது.

ஹாலில் நான் மட்டும் நின்றேன். அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, உள்ளங்கையை ஆம்பின் மேல் வைத்தேன்.

"அண்ணே, இருக்கியா?"

அழுத்திப் பார்த்தேன். அவ்வளவு சுத்தமாக நான் துடைத்திருக்க வேண்டாம்.