கரடிக்குள்ள எங்க அண்ணன்

மதுரையில லோக்கல் கேபிள் டிவில குழந்தைங்க நிகழ்ச்சி நடத்துனவ நான். நாப்பது வயசு நெருங்குனப்பவும் ரெட்டைச் சடை போட்டு, ரோஸ் கலர் கவுன மாட்டிக்கிட்டு, "ஹாய் குட்டீஸ்!"ன்னு கையாட்டுவேன். பக்கத்துல ஒரு கரடி ஆடும். கரடிக்குள்ள இருந்தவரு உசிலம்பட்டிப் பக்கத்துக்காரரு. என்னைய விட மூத்தவரு, அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். கூடப் பொறக்கல, ஆனா அம்புட்டு வருசம் ஒரே லைட்டுச் சூட்டுல வெந்திருக்கோம்.

நிகழ்ச்சின்னா பெருசா ஒண்ணுமில்ல, பிறந்தநாள் வாழ்த்துதான். பிள்ளையோட போட்டோவக் காட்டி, வாழ்த்துற சொந்தக்காரங்க பேர வாசிக்கணும். தாய்மாமன் பேர முன்னாடி வாசிச்சா அத்தை வீட்டுல இருந்து போன் போட்டு வைவாங்க. பின்னாடி வாசிச்சா மாமன் நேர்லயே வந்துருவாரு. ஒருக்கா அப்பிடி வந்தவரு, பொம்பளைய என்ன செய்யிறதுன்னு கரடியப் பிடிச்சு உலுக்கு உலுக்குன்னு உலுக்குனாரு. நேரலை ஓடிக்கிட்டிருக்கு. அண்ணன் அந்த உலுக்கலையும் ஆட்டமாக்கிட்டாரு. வந்திருந்த பிள்ளைக எல்லாம் கைதட்டுச்சுக. டிவி முதலாளிக்குப் பிள்ளைக சத்தமே ஆகாது, அவரு ரூமுக் கதவச் சாத்திக்கிட்டு உள்ள கெடந்தாரு.

பிள்ளைக எல்லாம் செல்போனுக்குப் போனதும் நிகழ்ச்சிய மூடிட்டாங்க. நான் பசுமலையில ஒரு நர்சரி ஸ்கூல்ல சேந்தேன். அண்ணன் கடை திறப்பு விழாவுல கரடியா நின்னுக்கிட்டிருந்தாரு.

அப்பத்தான் சென்னையில இருந்து ஒரு டைரக்டர் தம்பி வந்துச்சு. குழந்தைங்க டிவியக் கிண்டலடிச்சுப் படம் எடுக்கப் போறாராம். "டார்க் காமெடி மேடம்"னு சொல்லி எங்க கதையெல்லாம் கேட்டுக்கிட்டாரு. அண்ணன் கரடித் தலைக்குள்ள ஸ்ட்ரா விட்டுப் பழைய சோத்து நீச்சத்தண்ணி குடிப்பாரு. அந்த டைரக்டர் பாவி படத்துல அதப் பிராந்தியாக்கிட்டான்! என் வேசத்துல வர்ற அக்கா கேமராவப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே பிள்ளைகளக் கிள்ளுறா. நான் ஒரு பிள்ளையக்கூடத் தொட்டதில்ல. கிள்ளணும்னு தோணியிருக்கு, அது வேற விசயம்.

கரடி வேசத்துக்கு ஒரு பெரிய நடிகரப் பிடிச்சிருந்தாங்க. அவரு உடுப்ப மாட்டுன கொஞ்ச நேரத்துல மூச்சு முட்டுதுன்னு கழட்டி எறிஞ்சிட்டாரு. அதனால கரடித் தலை இல்லாம பேசுற காட்சிக்கு அவரு, ஆடுறதுக்கும் அடி வாங்குறதுக்கும் எங்க அண்ணன்னு முடிவாச்சு. அண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "தம்பி, ஒரு தடவ என் மூஞ்சி தெரியிற மாதிரி வையிங்க. இத்தன வருசம் ஆடியும் எங்க ஊருல ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

"கடைசில கரடி செத்துரும்ணே. தலையக் கழட்டுவாங்க. அதுல உங்க மூஞ்சிதான்"னு டைரக்டர் சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னாரு.

பரவையில ஒரு பழைய கல்யாண மண்டபத்துல அந்தக் காட்சிய எடுத்தாங்க. நானும் இருந்தேன். பலூனுக்கும் கேக்குக்கும் நடுவுல அண்ணன் பிணமாக் கெடந்தாரு. தலையக் கழட்டி, அவரு மூஞ்சியவும் எடுத்தாங்க. அப்புறம் அதே எடத்துல நடிகரப் படுக்க வச்சு இன்னொருக்கா எடுத்தாங்க. எதுக்குன்னு கேட்டா, "சும்மா ஒரு சேஃப்டிக்கு"ன்னாங்க.

பிணமா நடிச்சவங்களுக்கு சினிமாவுல ஒரு வழக்கம் உண்டு. எந்திரிக்கும்போது கேமராவப் பாத்துச் சிரிக்கச் சொல்லுவாங்க, பூசணிக்காயச் சுத்தி உடைப்பாங்க. நடிகருக்கு ரெண்டும் நடந்துச்சு. அண்ணன யாரும் ஏறிட்டுக்கூடப் பாக்கல. கேட்டா படக்கம்பெனி மேனேஜர் சொல்றான், "கரடிக்கெல்லாம் எதுக்கு மேடம் திருஷ்டி?"

"கரடிக்கு இல்லய்யா, உள்ள கெடந்த மனுசனுக்கு!"ன்னு கத்திட்டேன்.

"விடு தாயி, மூஞ்சி வருதுல்ல. அது போதும்"னு அண்ணன் என்னைய அமத்துனாரு.

படம் வந்த அன்னைக்கு உசிலம்பட்டியில இருந்து வேன் பிடிச்சு மதுரைக்கு வந்துட்டாங்க சொந்தபந்தம் மொத்தமும். தியேட்டர் வாசல்ல பிளெக்ஸு வேற: 'கரடியாகவே வாழ்ந்து காட்டிய எங்கள் சித்தப்பா!' கரடி வர்றப்பல்லாம் பேப்பரக் கிழிச்சுப் பறக்க விட்டு, விசில் அடிச்சு, ஒரே ரகளை. கரடி சாக்கடையில விழுந்தாலும் விசில், செருப்படி வாங்குனாலும் விசில். எனக்கு ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் அவரு சம்சாரம், என் மதினி. அண்ணன் படத்தவே பாக்கல. "இன்னும் கொஞ்ச நேரந்தான், இன்னும் கொஞ்ச நேரந்தான்"னு முணுமுணுத்துக்கிட்டே இருந்தாரு.

அந்தக் காட்சியும் வந்துச்சு. கரடி செத்துக் கெடக்கு. விளம்பரம் கொடுத்தவன் கோவிச்சுக்கிருவான்னு அந்த அக்கா பிணத்துக்குப் பக்கத்துல நின்னு பிறந்தநாள் பாட்டுப் பாடுறா. தியேட்டரே விழுந்து விழுந்து சிரிக்குது. எங்காளுக எல்லாம் செல்போனத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ரெடியா நிக்கிறாங்க. தலையக் கழட்டுனாங்க.

நடிகர் மூஞ்சி.

தூக்குன கையெல்லாம் ஒவ்வொண்ணா எறங்குச்சு. "வேற ஆளப் போட்டுட்டாங்க போல"ன்னு அண்ணன் சின்னக் குரல்ல சொன்னாரு. எனக்கு அந்த டைரக்டரு கைக்குக் கெடைச்சா நாலு சாத்து சாத்தணும்னு இருந்துச்சு.

திரையில இப்ப கரடி தூரத்துல கெடந்துச்சு, காலுப் பக்கமிருந்து எடுத்திருந்தாங்க, மூஞ்சி தெரியல. மதினி படக்குன்னு எந்திரிச்சாங்க.

"இந்தா, இது அவருதான்!"

"மதினி, அதான் மூஞ்சி அவரு இல்லன்னு..."

"மூஞ்சி எவனோடதா வேணா இருக்கட்டும். வயித்தப் பாரு, எப்பிடி ஏறி எறங்குது! தினம் பக்கத்துல படுக்குறவளுக்குத் தெரியாதா? ஒழுங்காச் சாகக்கூடத் தெரியாது இந்த மனுசனுக்கு!" சொல்லிட்டு அண்ணன் பக்கம் திரும்புனாங்க. "ஏங்க, இப்பிடிக் கெடந்தீங்களே, சுத்திப் போட்டாங்களா?"

அண்ணன் இல்லன்னு தலையாட்டுனாரு.

அம்புட்டுத்தான். மதினிக்கு எங்கிருந்து வந்துச்சோ அம்புட்டு ஆங்காரம். "உசுரோட இருக்கவரப் பிணமாப் போட்டு ஊரே சிரிக்குது, ஒரு பூசணிக்காய்க்கு வக்கில்லையா அவனுகளுக்கு?"ன்னு அண்ணன் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வெளிய நடந்தாங்க. சொந்தபந்தமெல்லாம் பின்னாடியே வந்துச்சு. பக்கத்துக் கடையில பூசணிக்காய் வாங்கி, அடுத்த காட்சிக்கு நின்ன கூட்டத்துக்கு நடுவுல அண்ணன நிறுத்திச் சுத்துனாங்க. யாரோ ஒருத்தர், "யாருக்கும்மா, என்னாச்சு?"ன்னு கேட்டாரு.

"உள்ள கரடியாச் செத்துக் கெடக்குறது எம் புருசன்யா! நல்லாப் பாத்துக்கங்க இந்த மூஞ்சிய!"ன்னு மதினி தெருவே கேக்குற மாதிரி கத்துனாங்க. கூட்டம் மொத்தமும் திரும்பி அண்ணனப் பாத்துச்சு.

அண்ணன் கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டுது. தொடைக்கக்கூட இல்ல. என் பக்கம் குனிஞ்சு சொன்னாரு, "கண்டுபிடிச்சுட்டா பாத்தியா தாயி."