மூன்று இயந்திரம், ஒரு புகைபோக்கி

புகையை அளந்து பிழைக்கிறவர்களுக்கு என் சங்கடம் புரியும். சூளகிரிப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் மணிக்கொரு தரம் மீட்டர் பார்த்து எழுதுவது என் வேலை. சோதனை தொடங்கிய அன்று புகைபோக்கியின் அடியில் இருந்தவர்கள்: பாய்லருக்கு விறகு போடும் மாதையன், புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்கும் மூன்று இயந்திரங்களின் ஆட்களான சேவியர், மஞ்சுநாத், கவிதா, பிறகு மேலாளர், நான். ஆக ஆறு பேர். ஆளுக்குப் பத்து நாள்; அதிகம் பிடிக்கும் இயந்திரத்தையும் அதன் ஆளையும் மட்டும் ஆலை வைத்துக்கொள்ளும் என்றார் மேலாளர். வேலை நிலைத்தால் விடுதியிலிருக்கும் மகளை அழைத்து வந்துவிடலாம் என்று கவிதா என்னிடம் சொல்லியிருந்தார்.

குருணை

சேவியரின் தொட்டி நிறைய வெள்ளைக் குருணை. வாயு அதில் ஒட்டிக்கொள்ளும், சூடாக்கினால் விட்டுவிடும். ஈரம் மட்டும் ஆகாது. எங்கள் விறகோ மழையில் நனைந்தது. ஐந்தாம் நாள் சேவியர் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

“ஊற வெச்ச ஜவ்வரிசி மாதிரி இருக்குதுங்க. பாயசந்தான் காய்ச்சணும்.”

சல்லடை

மஞ்சுநாத் தினமும் அத்திப்பள்ளியிலிருந்து வருவார். அவருடையதில் மயிரிழைக் குழாய்கள் ஆயிரக்கணக்கில். வாயு மட்டும் அவற்றின் சுவர் வழியே கசிந்து வரும். ஈர விறகின் தார் போன்ற புகைப்பிசின் நாலே நாளில் அவற்றை அடைத்துவிட்டது.

“கம்பெனில சுத்தமான புகையில டெஸ்ட் பண்ணாங்க அய்யா. உங்க புகையில ரோடே போடலாம்.”

திரவம்

கவிதாவின் கோபுரத்தில் ஒரு திரவம் மழைபோல் விழுந்து வாயுவைப் பிடிக்கும். அதைத் திரும்பப் பிரிக்க நீராவி வேண்டும். பாய்லர் அழுத்தம் இறங்கினால் எல்லாம் நின்றுவிடும். ஈர விறகில் இறங்காமல் இருக்காது; ஆனால் பத்து நாளும் இறங்கவில்லை. எனக்கு அது உறுத்தியது. பாய்லருக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். தார்ப்பாய்க்கடியில் காய்ந்த புளியங்கட்டைகள். ஒளித்து வைத்திருந்தவர் மாதையன்.

“எனக்கும் ஊரு கல்லாவி, கவிதாவுக்கும் கல்லாவி. ஊர்ப் பொண்ணுக்கு ஈர விறகு போடக் கை வருமா?”

விறகுக் கட்டம்

பதிவேட்டில் விறகுக்கென்று ஒரு கட்டம் உண்டு. மற்ற இருவருக்கும் ‘ஈரம்’ என்று எழுதியிருந்தேன். பேனாவைத் திறந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ‘காய்ந்தது’ என்று எழுதினேன். அதைப் படித்த மேலாளர் சோதனையையே ரத்து செய்தார். மீண்டும் நடத்த மாம்பழப் பருவம் மிச்சமில்லை. மூன்று இயந்திரங்களும் லாரி ஏறின. விறகு விஷயம் கவிதாவுக்கு அன்றுதான் தெரியும். போகும்போது என் மேசையருகே நின்றார்.

“ஈர விறகு போட்டிருந்தாலும் நான் ஜெயிச்சிருப்பேங்கய்யா. அதை எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?”

என் பதிவேட்டில் பிழையே இல்லை: பிரிக்க வந்த இயந்திரம் ஒன்றும் மிஞ்சவில்லை, காய்ந்த கட்டை பதினேழு மிச்சம்.