வரிசையில் காணாமற்போன தேவாரம்

எங்கள் வீட்டுக் கொம்பியூட்டரில் எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். ஸ்கிரீனின் மூலையில் உள்ள பொத்தானை அமத்தினால், கடைசியாகப் பாவித்த புரோகிராம்கள் வரிசையாக எழும்பி வரும். முதலாவதாக நிற்கிறதை அமத்தினால் அண்ணை தேவாரம் பாடுவார். என் கூடப்பிறந்த அண்ணை அடுத்த வளவு வீட்டில் இருந்தவர், நல்ல குரல். ஒரு சிவராத்திரிக்கு என் மகள் அவரை இருத்திவைத்துக் கொம்பியூட்டரில் பதிந்தவள். விடியக் குளித்து விளக்கேற்றி, அதைப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் நான் தோட்டத்துக்கு இறங்குவேன்.

அண்ணை மோசம் போய்க் கண்ணை மூடினதும் துடக்கு, சாவுத் தீட்டு. சுவாமியறையைப் பூட்டினேன். அந்தப் புரோகிராமையும் தொடுவதில்லை என்று நானாகவே முடிவெடுத்தேன். என் மனுசிக்கு எரிச்சல்.

"இஞ்சாருங்கோ, கொம்பியூட்டர்ப் பெட்டிக்கு என்ன துடக்கு? செத்தவீட்டிலையே தேவாரம் படிக்கினம்."

"அது வேறை. இது நான் விளக்கேத்திக் கேக்கிறது."

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கிற, அண்ணையின் நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்தை மகள் எங்கள் கொம்பியூட்டரில்தான் அடித்தாள். படம் வெட்ட ஒன்று, எழுத்து அடிக்க ஒன்று, வெளிநாட்டுச் சொந்தங்களோடு முகம் பார்த்துக் கதைக்க ஒன்று என்று ஏதேதோ திறந்தாள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனாலும் காது சும்மா இருக்கவில்லை. விடிந்தால் அந்தக் குரல் இல்லாமல் வீட்டுக்குள் அங்கும் இங்குமாக நடந்துகொண்டிருப்பேன்.

கீரிமலையில் அந்தியேட்டி முடித்து, துடக்கும் கழிந்து வந்து, படையலும் ஆயிற்று. அண்ணி சோற்றில் கை வைக்கவில்லை. "தம்பி, அவரின்ரை குரலை ஒருக்காக் கேட்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும்" என்று சொல்லி, என்னோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டா.

பொத்தானை அமத்தினேன். வரிசை வந்தது. அண்ணையைக் காணவில்லை. திரும்பவும் அமத்தினேன். இல்லை. முன்பொருக்கால் சீட்டாட்டம் தேவாரத்துக்கு மேலே நிற்கிறது பொறுக்காமல் அதை நான் வரிசையில் இருந்து எடுத்துவிட்டனான். அதோடு அது அழிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியென்றால் இதுவும் அழிந்துபோயிற்று. பூட்டின சுவாமி கோபித்துக்கொண்டுதான் போயிருக்கிறார் என்றுகூட மனம் ஓடியது. அண்ணி கதிரையின் நுனியில் இருந்து ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தா. அதுதான் என்னை இன்னும் வாட்டியது.

வேலியடிக்கு ஓடி, அண்ணி வீட்டில் நின்ற மகளைக் கூப்பிட்டேன். படையல் சமைத்த ஏதனம் கழுவின ஈரக்கையோடு வந்தாள்.

"என்னடி செய்து வைச்சனி? பெரியப்பா இல்லை!"

அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அப்பா, உது கடைசியாப் பாவிச்சதைத்தான் காட்டும். நீங்கள் துடக்கெண்டு தொடேல்லை. நான் பெரியப்பாவின்ரை கல்வெட்டுக்கெண்டு நெடுகத் திறந்ததெல்லாம் முன்னுக்கு வந்திட்டுது. பெரியப்பா உள்ளுக்கைதான் இருக்கிறார். நீங்கள் எடுத்துவிட்ட சீட்டாட்டமும் இருக்குது."

"அதுவுமோ!"

கீழே 'எல்லாப் புரோகிராமும்' என்ற இடத்தை அமத்தி, நீளமாக வந்ததில் ஒன்றைத் திறந்தாள். முதலில் ஒரு செருமல். பிறகு அண்ணை, "பிள்ளை, உது என்ரை குரலைப் பிடிக்குதோ?" என்று கேட்டார். இத்தனை காலம் கேட்டும் அதை நான் கவனித்ததில்லை.

"ஓம், பிடிக்குது. நீங்கள் பாடுங்கோ" என்று அண்ணி சொன்னா.

அண்ணை பாடி முடித்தார். பிறகு மகள், "இதை வரிசைக்கு மேலை பின் மாதிரிக் குத்தி விடுறன் அப்பா. இனி எதைத் திறந்தாலும் இது கீழை இறங்காது" என்றாள்.

எனக்கு அதுவும் நெஞ்சில் இடறியது. "அப்ப இன்னொரு துடக்கு வந்தால்? அப்பவும் உச்சியிலை நிக்குமோ?"

அண்ணி சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. "நிக்கட்டும் தம்பி. நான் போற துடக்கிலையும் அது அங்கையே நிக்கட்டும். நீங்கள் வேணுமெண்டால் தொடாதையுங்கோ."

மகள் குத்திவிட்டாள். அண்ணி எழும்பிச் சாப்பிடப் போனா.